பதினேழு கோல்களும் இரக்கமும்

2025ஆம் ஆண்டு நவம்பர் 29ஆம் நாள் மதுரையில் நடைபெற்ற ஓர் ஆட்டத்தில், இந்திய இளையோர் ஹாக்கி அணி ஓமன் நாட்டு இளையோர் அணியை 17-0 என்ற கணக்கில் வென்றது. 21 வயதுக்குட்பட்ட ஆடவருக்கான உலகக் கோப்பைப் போட்டி அது. சென்னையிலும் மதுரையிலும் நவம்பர் 28 முதல் டிசம்பர் 10 வரை நடைபெற்றது. ஓர் ஆட்டத்தின் கால அளவு 60 நிமிடம். அப்படியானால் ஏறத்தாழ மூன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை ஓமன் இளைஞர்கள் தலை குனிந்து நடுக்கோட்டுக்குத் திரும்பி, மீண்டும் ஆட்டத்தைத் தொடங்கினார்கள் என்று பொருள்.

மறுநாள் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு. திருச்செங்கோட்டில் திருப்பலி முடிந்து வெளியே வந்த இளைஞரிடையே இந்த ஆட்டத்தைப் பற்றிய பேச்சு எழுந்தது. ஒரு சாரார் மகிழ்ந்தனர், பாராட்டினர். மற்றொரு சாரார், "பத்து கோலோடு நிறுத்தியிருக்கக் கூடாதா? வென்றாயிற்று, அதற்கு மேலும் அடிப்பது எதற்கு? வலியவனுக்கு இரக்கம் வேண்டாமா?" என்று கேட்டனர். "விளையாட்டில் என்ன இரக்கம்?" என்பதே முதல் சாராரின் மறுமொழி. வாதம் முடிவு பெறாமலே அவரவர் இல்லம் ஏகினர்.

முடிவு பெறாத வாதங்கள் சில வேளைகளில் முடிவு பெற்றவற்றினும் பயனுள்ளவை. இவ்வாதம் அத்தகையது. தோற்றத்தில் இது விளையாட்டைப் பற்றியது. உண்மையில் வலிமையைப் பற்றியது. நம்மிலும் எளியவர் முன் நாம் நிற்க நேரும்போது நம் வலிமையை என்ன செய்வது? அதை மறைத்துக்கொள்வதா, குறைத்துக்கொள்வதா, முழுமையாய்க் காட்டுவதா? வகுப்பறையில், தறிக்கூடத்தில், கடைவீதியில், குடும்பத்தில் நாள்தோறும் நம்மை எதிர்கொள்ளும் வினா இது. ஆகவே சற்று நின்று சிந்திப்போம்.

முதலில் இரக்கத்தின் பக்கம் நின்று வழக்காடியவர்களைக் கேட்போம். அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஓமன் அணி இப்போட்டிக்கு வந்த விதமே அதற்குச் சான்று. இந்தியாவோடு ஒரே பிரிவில் ஆட வேண்டிய பாகிஸ்தான் விலகிக்கொள்ள, போட்டி தொடங்கச் சுமார் ஒரு மாதமே இருந்த நிலையில் ஓமன் அணிக்கு அழைப்புக் கிடைத்தது. உலகப் போட்டிக்கு ஒரு மாத ஆயத்தம் போதுமானது அன்று. எதிரே நின்றதோ 2001ஆம் ஆண்டு ஹோபார்ட் நகரிலும் 2016ஆம் ஆண்டு லக்னோவிலும் இதே கோப்பையை வென்ற நாடு. தன் மண்ணில், தன் மக்கள் நடுவே ஆடிய அணி. போட்டி என்பது ஒத்த வலிமையுடையோர் பொருதுவதாயின் இதனைப் போட்டி என்று அழைப்பதே தகுமா என்று அவர்கள் கேட்பது முறையே.

நம் தமிழ் மரபும் அவர்களுக்குத் துணை நிற்கிறது. புறப்பொருள் இலக்கணத்தில் தழிஞ்சி என்றொரு துறை உண்டு. தோற்றுப் புறங்காட்டுவோர் மேல் படைக்கலம் ஓச்சாத பெருந்தன்மையை அது குறிக்கும். எதிர்க்க ஆற்றலற்றவனை மேலும் தாக்குவது வீரமாகாது என்று நம் முன்னோர் போர்க்களத்துக்கே நெறி வகுத்தனர். போருக்கே அந்நெறி பொருந்துமாயின் விளையாட்டுக்குப் பொருந்தாதோ?

இவ்விடத்தில்தான் நாம் நுணுகிக் காண வேண்டும். போரில் எதிரே நிற்பவன் பகைவன். அவன் இல்லாதிருந்தால் நன்று என்பதே போரின் எண்ணம். ஆகையால் அங்கே கையை நிறுத்துவது அவனுக்கு உயிரைத் தருவதாகிறது. விளையாட்டிலோ எதிரே நிற்பவன் பகைவன் அல்லன். அவன் இல்லையேல் ஆட்டமே இல்லை. இருவரும் சேர்ந்தே ஒரு விளையாட்டை உண்டாக்குகிறார்கள். போரில் கையை நிறுத்தினால் எதிரி வாழ்வான்; விளையாட்டில் கையை நிறுத்தினால் ஆட்டம் செத்துப்போகும். ஆட்டம் செத்தபின் எதிரே நிற்கும் பதினொருவர் அங்கே யார்? அவர்கள் விளையாட்டு வீரர்களாகக் கருதப்படும் தகுதியை இழந்து, பரிதாபத்துக்குரியவராய் மாறிவிடுகின்றனர்.

பிள்ளைகளோடு ஆடுபு​லி ஆட்டமோ சதுரங்கமோ ஆடியவர்கள் இதை அறிவர். ஐந்து வயதுக் குழந்தையிடம் வேண்டுமென்றே தோற்றால் குழந்தை மகிழ்கிறது. அதே குழந்தை பத்து வயதில், தாத்தா வேண்டுமென்றே தோற்றார் என்று கண்டுகொண்டால் அதன் முகம் வாடுகிறது. "என்னோடு சரியாக விளையாடுங்கள்" என்று அது முறையிடுகிறது. அப்பிள்ளை கேட்பது வெற்றியை அன்று, மதிப்பை. தன்னை முழுமையாய் எதிர்த்து ஆடுவதற்குத் தகுதியுள்ளவன் என்று ஏற்குமாறு அது கேட்கிறது. இரக்கத்துக்கும் இளக்காரத்துக்கும் இடையே உள்ள கோடு மிக மெல்லியது. இவ்வளவுதான் இவனால் முடியும் என்று தீர்மானித்து நம் ஆற்றலைச் சுருக்கிக்கொள்ளும்போது, பல வேளைகளில் நாம் அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறோம்.

நீதியின் கோணத்திலும் ஒன்று சொல்ல வேண்டும். இந்தப் போட்டியில் 24 அணிகள் ஆறு பிரிவுகளாய் ஆடின. ஒவ்வொரு பிரிவிலும் முதலிடம் பெற்ற ஆறு அணிகளும், இரண்டாமிடம் பெற்றவற்றுள் சிறந்த இரண்டு அணிகளும் காலிறுதிக்குத் தகுதி பெறும் என்பது விதி. புள்ளிகள் சமமானால் கோல்களின் வேறுபாடு எண்ணப்படும். ஆகவே ஓர் அணி அடிக்கும் கோலும், அடிக்காமல் விடும் கோலும் அங்கு இல்லாத மூன்றாம் அணி ஒன்றைப் பாதிக்கலாம். ஒருவருக்குக் காட்டும் சலுகை மற்றொருவருக்கு அநீதியாய் முடியும் என்பதை நம் அன்றாட வாழ்விலும் காண்கிறோம் அல்லவா? பயிற்றுநர் ஒருவர் வெற்றி உறுதியான பின் முன்னணி ஆட்டக்காரருக்கு ஓய்வு தந்து, வாய்ப்புக் குறைந்த இளைஞரைக் களத்தில் இறக்கலாம். அது நல்ல வழியே. ஆனால் இறங்கியவர் முழு மனத்தோடு ஆடத்தான் வேண்டும்.

நம் விசுவாசம் இதற்கு என்ன சொல்கிறது? விளையாட்டு வீண்பொழுது என்று திருச்சபை கருதியதில்லை. உழைத்துக் களைத்த உடலுக்கு உறக்கம் எப்படியோ, அப்படியே உழைத்துக் களைத்த உள்ளத்துக்கு விளையாட்டு என்று புனித தாமஸ் அக்குவினாஸ் விளக்கினார். விளையாட்டில் அளவு பேணுவதை ஒரு நற்பண்பாகவே அவர் எண்ணினார். புனித பவுல் அடிகளார் கொரிந்தியருக்கு எழுதுகையில் பந்தய ஓட்டக்காரரை உவமையாய்க் காட்டி, பரிசு பெறும் வகையில் ஓடும்படி அறிவுறுத்துகிறார். அரை மனத்தோடு ஓடச் சொல்லவில்லை. 2018ஆம் ஆண்டில் பொதுநிலையினர், குடும்பம், வாழ்வு ஆகியவற்றுக்கான திருப்பீடத் துறை விளையாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டின் தலைப்பே, தன்னிடமுள்ள சிறந்ததைக் கொடுப்பது என்னும் பொருளில் அமைந்தது.

ஆனால் இங்கே ஒரு தடை எழலாம். இறைமகன் தம்மையே வெறுமையாக்கி அடிமையின் வடிவை ஏற்றார் என்று பிலிப்பியருக்கு எழுதிய திருமுகம் கூறவில்லையா? வலியவர் தம் வலிமையைத் துறப்பதே கிறிஸ்தவ அன்பு என்பது இதனால் பெறப்படவில்லையா? ஆழ்ந்து நோக்கினால், கிறிஸ்து எவரிடமும் வலிமை குறைந்தவர்போல் நடித்ததாய் நற்செய்தியில் நாம் படிப்பதில்லை. பேதுருவின் குறையை அவர் மூடி மறைக்கவில்லை, உண்மையையே சொன்னார். அவர் தம்மை வெறுமையாக்கியது தம் நிறைவில் நமக்குப் பங்கு தரும்பொருட்டு. அவருடைய தாழ்மை, எழுந்து நிற்க இயலாதவரைக் கைகொடுத்துத் தூக்குவதற்காகக் குனியும் தாழ்மை. வலிமையைக் குறைத்துக்கொள்வது வேறு; வலிமையைப் பகிர்ந்துகொள்வது வேறு. நம் இளைஞரின் வாதம் முட்டி நின்ற இடம் இவ்வேறுபாடுதான் என்று நாம் எண்ணுகிறோம்.

திருச்செங்கோட்டார்க்கு இவ்வேறுபாட்டை விளக்க நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டிகளுக்குப் பெயர் பெற்ற ஊர் இது. இங்கிருந்து புறப்படும் வண்டிகள் இந்தியாவின் பல மாநிலங்களுக்கும் செல்கின்றன. நீரின் அருமையும், நீர் கிட்டாதவன் படும் பாடும் இவ்வூர் மக்களுக்குத் தெரியும். அடுத்த தோட்டத்துக் கிணறு வற்றியதென்று நம் கிணற்றை மண் போட்டு மூடுபவன் தருமவான் ஆகமாட்டான்; அதனால் அடுத்தவனுக்கு ஒரு குடம் நீரும் கூடுவதில்லை. நம் கிணற்று நீரிலிருந்து அவனுக்கு மடை திறந்துவிடுவதும், அவன் தோட்டத்தில் ஊற்றுக் காண உதவுவதுமே தருமம்.

இவ்வூரை அடுத்த புதுப்பாளையத்தில் 1925ஆம் ஆண்டு இராஜாஜி நிறுவிய காந்தி ஆசிரமமும் இதற்கு ஒரு சான்று. சேலத்தில் புகழ்பெற்ற வழக்கறிஞராயும் நகராட்சித் தலைவராயும் விளங்கியவர் அவர். அத்தகையவர் ஒரு சிற்றூரில் வந்து தங்கிக் கதர்ப் பணியிலும், தீண்டாமை ஒழிப்பிலும், மதுவிலக்குப் பணியிலும் ஈடுபட்டார். எளியோர் நடுவே வாழ வந்தபோது அவர் தம் அறிவைச் சேலத்தில் விட்டுவிட்டு வரவில்லை. அந்த அறிவையே அவர்களுக்கு உரிமையாக்கினார். அவரது அரசியல் கருத்துகள் பலவற்றோடு நாம் மாறுபடலாம். எனினும், வலிமையை எங்கே கொண்டுவந்து வைப்பது என்பதற்கு நூறாண்டுகளுக்கு முன் இந்த மண்ணில் நிகழ்ந்த எடுத்துக்காட்டு அது.

அவ்வாறாயின் ஹாக்கிக் களத்தில் வலிமையைப் பகிர்வது எப்படி? அறுபது நிமிட ஆட்டத்துக்குள் அதைத் தேடினால் கிடைக்காது. அதற்கு முன்னும் பின்னும் தேட வேண்டும்.

ஆட்டத்துக்கு முன்னே உள்ளது வாய்ப்பு. இளையோர் உலகக் கோப்பையில் முன்பு 16 அணிகள் ஆடின. 2025இல்தான் முதன்முறையாக 24 அணிகள் அழைக்கப்பட்டன. பந்தியை விரித்தால் பழகாத விருந்தினரும் வருவர். இலையில் உண்ணத் தெரியாதவரும் வருவர். அதற்காகப் பந்தியைச் சுருக்குவது முறையா? 17-0 என்பது ஒரு வகையில் பந்தியை விரித்ததற்கு நாம் கொடுத்த விலை. பழைய முறைப்படி 16 அணிகளோடு நிறுத்தியிருந்தால் இத்தகைய தோல்விகள் குறைந்திருக்கும். ஆனால் தோற்றவர்கள் வாசலுக்கு வெளியே நின்றிருப்பார்கள். அவ்வாறு வெளியே நின்றிருக்கக்கூடியவர்களுள் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். முதன்முறையாக இப்போட்டியில் கலந்துகொண்ட வங்கதேசம் 17ஆம் இடமே பெற்றது. ஆனால் இப்போட்டியில் மிக அதிகமாக, 18 கோல்கள் அடித்தவர் அந்த வங்கதேச அணியின் அமிருல் இஸ்லாம். கோப்பையை வென்ற ஜெர்மனியிலோ, இறுதியில் தோற்ற ஸ்பெயினிலோ அவருக்கு நிகராகக் கோல் அடித்தவர் இல்லை. கதவு திறக்கப்படாவிடில் உலகம் அந்த இளைஞரை அறிந்திருக்குமா?

வாய்ப்பு என்பது அழைப்போடு முடிவதில்லை, ஆடுகளமும் வேண்டும். இதை நம் நாடே பட்டறிந்தது. 1932ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் இந்தியா அமெரிக்காவை 24-1 என்று வென்றது. மூன்றே அணிகள் ஆடிய அப்போட்டியில், ஆடிய இரண்டிலும் தோற்ற அமெரிக்கா வெண்கலப் பதக்கம் பெற்றது. அன்று உலகில் நமக்கு நிகர் இல்லை. பின்னர் 1976ஆம் ஆண்டு மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. புல்தரையில் வளர்ந்த நம் அணி ஏழாமிடத்துக்கு இறங்கியது. கலை நம்மிடம் இருந்தது. தரை நம்மிடம் இல்லை. 2008ஆம் ஆண்டு சிலி நாட்டின் சாந்தியாகோ நகரில் நடந்த தகுதிப் போட்டியில் பிரிட்டனிடம் தோற்று, பெய்ஜிங் ஒலிம்பிக்குக்குத் தகுதியே பெறாது திரும்பினோம். 24 கோல் அடித்தவர்களின் பேரப்பிள்ளைகள் வாசலுக்கு வெளியே நின்ற ஆண்டு அது. செயற்கைத் தரைக்குக் கோடிக்கணக்கில் பணமும், நனைத்துப் பேண நீரும் தேவை. செம்மண் தரையில் வளைகோல் பிடித்து ஆடும் நம் ஊர்ப்புறச் சிறுவனுக்கும் ஓமன் நாட்டு இளைஞனுக்கும் உள்ள நெருக்கம், நாம் எண்ணுவதிலும் அதிகம்.

ஆட்டத்துக்குப் பின்னே உள்ளது நினைவு. இதைப் பற்றி நாம் சற்று விரிவாகவே பேச வேண்டும். 1982ஆம் ஆண்டு தில்லியில் நடந்த ஆசிய விளையாட்டின் ஹாக்கி இறுதி ஆட்டத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 1-7 என்று தோற்றது. அன்று இந்தியாவின் கோல் காவலர் மீர் ரஞ்சன் நேகி. ஆட்டம் முடிந்தபின் அவர்மேல் பழி வந்தது. அவர் விலைபோனார் என்றும், நாட்டைக் காட்டிக்கொடுத்தார் என்றும் நாக்குகள் கூசாமல் பேசின. குற்றம் எதுவும் நிலைநாட்டப்படவில்லை. ஆனால் அந்த இளைஞரின் ஆட்ட வாழ்வு நொறுங்கிப்போனது. பல ஆண்டுகளுக்குப் பின்னரே, 1998ஆம் ஆண்டு பாங்காக்கில் தங்கம் வென்ற இந்திய ஆடவர் அணிக்குக் கோல் காவல் பயிற்சியாளராய் அவர் மீண்டு வந்தார். 2002இல் மான்செஸ்டர் காமன்வெல்த் போட்டியில் தங்கம் வென்ற மகளிர் அணிக்கும் அவர் துணை நின்றார்.

இப்போது நம்மை நாமே கேட்போம். நேகியைக் காயப்படுத்தியவர் யார்? ஏழு கோல் அடித்த பாகிஸ்தான் வீரர்களா? அவர்கள் தம் ஆட்டத்தை ஆடினர். ஆட்டம் முடிந்ததும் போய்விட்டனர். கோல்கள் தந்த வலி அன்றிரவோடு ஆறியிருக்கும். ஆறாத புண்ணைத் தந்தவர்கள் அவருடைய சொந்த நாட்டு மக்கள், அதாவது நாம். ஓமன் இளைஞர் மேல் இரங்கிய நம் நெஞ்சம், நம் கோல் காவலர் மேல் இரங்கவில்லை. எதிரணியின் கோல் கணக்கைக் குறைத்தால் இரக்கம் நிறைவேறிவிடும் என்று எண்ணுவதில் உள்ள பிழை இங்கே வெளிப்படுகிறது. தோற்றவனைத் தோல்வி கொல்வதில்லை. தோல்விக்குப் பின் அவனைப் பார்க்கும் பார்வை கொல்கிறது.

கோல் காவலர் என்றதும் மற்றொருவரும் நினைவுக்கு வருகிறார். பின்னாளில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுலாய் உயர்ந்த கரோல் வொய்த்திவா, போலந்தின் வாதோவிசெ நகரில் சிறுவனாய் இருந்தபோது கால்பந்தாட்டத்தில் கோல் காவலராய் நின்றவர். கத்தோலிக்கச் சிறுவர் ஒரு பக்கமும் யூதச் சிறுவர் ஒரு பக்கமும் ஆடுகையில், யூத அணியில் ஆள் குறைந்தால் அவர் அந்தப் பக்கம் போய் நின்று காத்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். ஆள் குறைந்த பக்கத்துக்கு இரங்கித் தம் தோழர்களை மெதுவாய் ஆடும்படி அவர் கேட்கவில்லை; தாமே அந்தப் பக்கம் போனார். போனபின் வரும் பந்தையெல்லாம் தடுக்கவே முயன்றிருப்பார். வலிமையைப் பகிர்வது என்று நாம் சொல்வதன் முழுப்பொருளும் அந்தச் சிறுவனின் செயலில் அடங்கியிருக்கிறது.

17 கோல் அடித்த நம் இளைஞருக்குப் பின்னர் என்ன நேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுவோம். காலிறுதியில் பெல்ஜியத்தோடு சமநிலை கண்டு, ஷூட்-அவுட்டில் கோல் காவலர் பிரின்ஸ்தீப் சிங்கின் துணையால் தப்பிப் பிழைத்தனர். டிசம்பர் 7ஆம் நாள் சென்னையில் நடந்த அரையிறுதியில் ஜெர்மனி அவர்களை 5-1 என்று வீழ்த்தியது. எந்த அளவையால் அளக்கிறோமோ அதே அளவையால் நமக்கும் அளக்கப்படும் என்ற நற்செய்தியின் எச்சரிக்கை ஹாக்கிக்கும் பொருந்தும் போலும். அன்று ஜெர்மானியர் நமக்கு இரங்கி இரண்டு கோலோடு நின்றிருந்தால் நாம் அதை விரும்பியிருப்போமா? அதை ஓர் அவமானமாய் அல்லவா எண்ணியிருப்போம்? தமக்கு வேண்டாத இரக்கத்தை மற்றவர் மேல் சுமத்துவது பொன்விதிக்கும் முரணானது.

மூன்று நாள் கழித்து, மூன்றாமிடத்துக்கான ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இறுதிக் கால் பகுதி தொடங்கியபோதும் 0-2 என்று பின்தங்கியிருந்த அதே இளைஞர்கள், நான்கு கோல்கள் அடித்து 4-2 என்று வென்று வெண்கலம் பெற்றனர். பயிற்றுநராய் நின்றவர் ஸ்ரீஜேஷ். நெடுங்காலம் இந்தியாவின் கோல் காவலராய் நின்று, வெற்றியின் சுவையையும் தோல்வியின் கைப்பையும் ஒருங்கே அறிந்தவர். அரையிறுதியில் ஐந்து கோல் வாங்கிய பிள்ளைகளுக்கு மறுபடியும் ஆட ஓர் ஆட்டம் எஞ்சியிருந்தது என்பதே நாம் குறித்துக்கொள்ள வேண்டிய செய்தி. ஓமன் இளைஞருக்கும் அவ்வாறே மதுரைத் தோல்விக்குப் பின் ஆட்டங்கள் எஞ்சியிருந்தன. தோற்றவுடன் எவரையும் வீட்டுக்கு அனுப்பிவிடாமல், கடைசி இடம் வரை ஆட வைத்து வரிசைப்படுத்தும் முறை அது. அட்டவணையை வகுத்தவர்கள் இரக்கத்தை எண்ணி வகுத்தார்களோ இல்லையோ, இரக்கம் அங்கேதான் ஒளிந்திருந்தது.

இதையெல்லாம் ஏன் இத்தனை விரிவாகப் பேசுகிறோம்? நம் வீடுகளில் பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழகத்தின் எல்லா மூலைகளிலிருந்தும் மதிப்பெண்ணை நாடிப் பெற்றோர் தம் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடுதிப் பள்ளிகளில் சேர்த்த சமவெளி இது. பொதுத் தேர்வுகளில் மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலை வெளியிடுவதைத் தமிழக அரசு 2017ஆம் ஆண்டில் நிறுத்தியது. எனினும், வீட்டுக்குள் வெளியிடப்படும் பட்டியல்களை எந்த அரசாணையாலும் நிறுத்த முடிவதில்லை. அக்காள் இத்தனை எடுத்தாள், அடுத்த வீட்டுப் பையன் இத்தனை எடுத்தான் என்ற பட்டியல் சோற்றுத் தட்டின் முன் நாள்தோறும் வாசிக்கப்படுகிறது. 17-0 என்ற பலகையின் கீழ் நிற்கும் பிள்ளைகள் நம் பங்குகளிலும் உண்டு.

அந்தப் பிள்ளைகளுக்கு இரங்கி, நன்றாய்ப் படிக்கும் பெண்ணைக் குறைவாய் எழுதச் சொல்வோமா? சொல்ல மாட்டோம். அவள் தன் முழு ஆற்றலோடும் எழுதட்டும். ஆனால் தேர்வுக்கு முன் மாலை வேளைகளில் பக்கத்துத் தெருத் தோழியோடு அமர்ந்து, தான் அறிந்ததைச் சொல்லித்தர அவளுக்கு நாம் பழக்கியிருக்கிறோமா? "உன் நேரம் வீணாகிறது, அவள் உன்னை முந்திவிடப் போகிறாள்" என்று தடுத்தவர் நம்மில் எத்தனை பேர்? முடிவு வந்தபின், தவறிய பிள்ளையின் வீட்டுக்கு ஆறுதல் சொல்லச் செல்கிறோமா? அல்லது, அவன் தெருவில் வரும்போது குரலைத் தாழ்த்திக்கொள்கிறோமா? முன்னது வாய்ப்பைப் பகிர்வது. பின்னது பார்வையைச் செம்மையாக்குவது. இரண்டையும் செய்யாமல், தேர்வு நாளன்று மட்டும் எல்லோரும் வெல்ல வேண்டும் என்று மன்றாடுவதில் பொருள் என்ன?

நம் பங்குத் திருவிழாக்களில் விளையாட்டுப் போட்டிகள் நடத்துகிறோம். முதல் மூவருக்குப் பரிசு தருகிறோம், அது சரியே. மற்றவர்களை அடுத்த ஆண்டுத் திருவிழா வரை மறந்துவிடுகிறோமே, அதுவும் சரியா? தோற்ற அணியை அடுத்த வாரமே மறுபடி அழைத்து, வென்ற அணியின் சிறந்த ஆட்டக்காரர் இருவரை அவர்களுக்குப் பயிற்சி தர அனுப்பினால் என்ன? இதற்குப் பெரும் பொருட்செலவு இல்லை. மனம் ஒன்றே வேண்டும்.

ஆகவே நம் இளைஞரின் வினாவுக்கு நாம் காணும் விடை இது. மதுரையில் பதினேழு கோல் அடித்ததில் தவறில்லை. பத்தோடு நிறுத்தியிருந்தால் அது அறமாகியிருக்கும் என்பதும் இல்லை. இரக்கத்தை அளக்கக் கோல் பலகை உதவாது. தோற்றவனை ஆட்டத்துக்கு அழைத்தது யார், அவனுக்குத் தரை தந்தது யார், தோற்றபின் அவனைப் பழித்தது யார், நாளைய ஆட்டத்தில் அவனுக்கு இடம் வைத்தது யார் என்று கேட்டுப் பார்க்க வேண்டும். கடைசி நாளில் ஆண்டவரும் நம்மிடம் எத்தனை கோல் அடித்தோம் என்றோ, எத்தனை கோல் வாங்கினோம் என்றோ கேட்பார் என நாம் எண்ணவில்லை. நம்மிடம் தோற்றவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று கேட்கக்கூடும். அதற்கு விடை சொல்ல, அவர் இருக்குமிடம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.